அசிடிட்டி மாத்திரை புராஸ்டேட்டை வீங்க வைக்குமா?

ஐயா, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 62 வயது. ஆறு வருடமாகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல் என்ற அசிடிட்டி மாத்திரை 40 மில்லிகிராம் போடுகிறீர்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். வயிறு பிடித்துக்கொண்டால் மட்டும் இன்னொரு மாத்திரை. அதன் பெயரை எழுதவில்லை. ஒரு வருடமாக ராத்திரியில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. ஸ்கேன் எடுத்ததில் புராஸ்டேட் 42 கிராம் என்று வந்திருக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளுக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் தொடர்பு இருப்பதாக ஆராய்ச்சி சொல்கிறது என்று எங்கோ படித்துவிட்டு, இது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதைவிட, இந்த மாத்திரையால்தான் எனக்கு இப்படி ஆனதா, இன்றைக்கே நிறுத்தினால் சரியாகிவிடுமா என்பதுதான் உங்கள் மனதில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. மருந்தியல் படித்தவன். இருபது வருடத்துக்கும் மேலாக மருத்துவமனையில் நோயாளிகளின் மருந்துப் பட்டியலைச் சரிபார்ப்பதுதான் வேலை. எந்த மருந்து எதோடு சேரக்கூடாது, எதை இன்னும் தேவையில்லாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது. சிறுநீரியல் வார்டில் பல வருடம் இருந்தேன். அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை. உங்களைப் பரிசோதிக்காமல் உங்கள் நோயைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு மட்டுமில்லை, இணையத்தில் யாருக்குமே கிடையாது. மருந்துகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் நேரடியான பதில்: பான்டோப்ரசோல், ஓமெப்ரசோல் வகை மாத்திரைகள் புராஸ்டேட்டை வீங்க வைக்கின்றன என்று நிரூபிக்கப்படவில்லை. அப்படி நடக்கலாம் என்பதற்கு ஒரு ஊகம் இருக்கிறது. அதை முன்வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான், சிரித்து ஒதுக்கிவிடக்கூடியது இல்லை. ஆனால் ஊகத்துக்கும் நிரூபணத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது புராஸ்டேட் விஷயத்தில் நமக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அந்தத் தூரத்தை ஒருமுறை முழுசாக நடந்து கடந்திருக்கிறார்கள்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், அளவுகோலாக இருக்கும். புராஸ்டேட் வளர்வதற்கு டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் வேண்டும் என்று இன்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அது எப்படித் தெரிந்தது? 1974-இல் டொமினிகன் குடியரசைச் சேர்ந்த சில குடும்பங்களைப் பற்றி ஒரு ஆய்வு வெளியானது. அந்தக் குடும்பங்களில் சில ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனை அந்த ஹார்மோனாக மாற்றும் நொதி பிறவியிலேயே வேலை செய்யவில்லை. வளர்ந்த பிறகும் அவர்களுடைய புராஸ்டேட் மிகச் சிறியதாகவே இருந்தது. இயற்கையே ஒரு பரிசோதனை செய்து காட்டியது மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டு அந்த நொதியை முடக்கும் ஃபினாஸ்டரைடு மருந்தைச் செய்தார்கள். 1992-இல் அது புராஸ்டேட் வீக்கத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரிய ஆய்வு ஒன்றில் 3,040 ஆண்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மருந்தும் இன்னொன்றுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்து நான்கு வருடம் கவனித்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட்டின் அளவு 18 சதவீதம் சுருங்கியது, மற்றவர்களுக்கு 14 சதவீதம் பெருத்தது. திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொள்வதும் அறுவை சிகிச்சைக்குப் போவதும் பாதிக்கும் கீழே இறங்கின. 1998-இல் வெளிவந்த முடிவு இது. ஊகம், இயற்கைச் சான்று, மருந்து, யாருக்கு எந்த மாத்திரை என்று தெரியாமல் நடத்தும் பரிசோதனை என்று நான்கு படியும் ஏறியாயிற்று.

அசிடிட்டி மாத்திரை விஷயம் இந்த நான்கில் முதல் படியில் நிற்கிறது. அந்தப் படியையும் குறைத்து மதிப்பிடாமல் பார்ப்போம். நம் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு என்று ஒரு வாயு உருவாகிறது. ரத்தக் குழாய்ச் சுவரிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் புராஸ்டேட்டிலும் இருக்கும் தசைகளைத் தளர்த்துவது அதன் வேலைகளில் ஒன்று. அதன் உற்பத்திக்குத் தடை போடும் ஒரு பொருளும் உடம்பிலேயே உண்டு, ஏ.டி.எம்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்தத் தடைப் பொருளை உடைத்து வெளியேற்ற ஒரு நொதி இருக்கிறது. 2013-இல் யோஹன்னஸ் கெப்ரெமரியம், ஜான் குக் ஆகியோரும் அவர்களுடன் வேலை செய்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓமெப்ரசோல் குடும்ப மருந்துகள் அந்த நொதியைக் கட்டிப்போடுகின்றன, அதனால் எலிகளிலும் மனிதச் செல்களிலும் ஏ.டி.எம்.ஏ. கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. அவர்களுடைய கவலை அப்போது இதயத்தைப் பற்றியது. ஆனால் அதே தர்க்கத்தைக் கீழே இறக்கிப் பார்த்தால் புராஸ்டேட்டுக்கு வந்துவிடும்: நைட்ரிக் ஆக்சைடு குறைந்தால் அங்கே தசை இறுகும், சிறுநீர் வரும் வழி நெருக்கும்.

இந்த ஊகத்துக்கு வலுச் சேர்க்கும் செய்தி ஒன்று உண்டு. டடாலஃபில் என்ற மருந்து ஆண்மைக் குறைவுக்காக வந்தது; நைட்ரிக் ஆக்சைடின் விளைவை நீட்டித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. 2011-இல் அதையே தினம் 5 மில்லிகிராம் அளவில் புராஸ்டேட் தொல்லைக்கும் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அப்படியானால் அந்தப் பாதையைத் தூண்டினால் சிறுநீர் சுலபமாகப் போகிறது என்பது உறுதி. எதிர்ப்பக்கமாக, அந்தப் பாதையை மட்டுப்படுத்தினால் தொல்லை கூடுமா என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஊகம் முழுசாகச் சரியென்றே வைத்துக்கொண்டாலும் அது சொல்வது தசை இறுகுவதைத்தான். சுரப்பி பெருப்பதை அது நேரடியாகச் சொல்லவில்லை. உங்கள் ஸ்கேனில் வந்த 42 கிராம் என்பது திசுவின் அளவு. இளம் வயதில் 20, 25 கிராம் இருந்தது இந்த வயதில் 40-ஐத் தாண்டுவது வெகு சாதாரணம். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் 60 வயதில் ஏறத்தாழ பாதி ஆண்களுக்கும், 80 தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் இந்த வளர்ச்சி இருக்கும். வாழ்நாளில் ஒரு அசிடிட்டி மாத்திரைகூடப் போடாதவர்களுக்கும்தான். அதோடு, ஸ்கேனில் வரும் எண்ணுக்கும் ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறோம் என்பதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. 80 கிராமை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களையும், 30 கிராமோடு அல்லாடுகிறவர்களையும் வார்டில் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கல், மருந்தின் குணத்திலேயே இருக்கிறது. இந்த மாத்திரைகள் ரத்தத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். அப்புறம் எப்படி ஒரு மாத்திரை நாள் முழுக்க வேலை செய்கிறது என்றால், வயிற்றின் அமிலம் சுரக்கும் செல்களில் போய்ச் சேர்ந்து, அங்கிருக்கும் கடும் அமிலத்தில்தான் அது உயிர் பெறுகிறது. அமிலத்தை வெளியே தள்ளும் அங்குள்ள பம்பைப் பிடித்துப் பூட்டுப் போட்டுவிடுகிறது. அந்தப் பம்புக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி ஒரு பம்பு புராஸ்டேட்டிலும் இருக்கிறது என்பது உண்மை. இதைப் படித்துவிட்டுச் சிலர், 'பார்த்தீர்களா, புராஸ்டேட்டிலும் அந்தப் பம்பு இருக்கிறது' என்று கிளம்பிவிடுவார்கள். ஆனால் வயிற்றில் உள்ள அளவு அமிலம் புராஸ்டேட்டில் எங்கும் கிடையாது, மருந்து அங்கே உயிர் பெற வழியில்லை. போதாததற்கு, அந்தச் சகோதரப் பம்பு ஓமெப்ரசோலுக்கு லேசில் அடங்குவதும் இல்லை. நைட்ரிக் ஆக்சைடு ஊகம் இந்தப் பம்பை நம்பி இல்லாததால் அதை இது அடித்துவிடாது. ஆனாலும் எலியிலும் கண்ணாடிக் குடுவையிலும் தெரிந்தது மனித உடம்பில், வழக்கமான அளவு மாத்திரையில் நடக்கிறதா என்பது வேறு கேள்வி. அதே குழுவினர் இந்தக் குடும்பத்து லான்சோப்ரசோலை வைத்து மனிதர்களிடம் சில வாரம் சிறிய அளவில் பரிசோதித்தபோது ரத்தக் குழாய்களின் வேலையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. சிறிய ஆய்வு, குறுகிய காலம். அதை வைத்து ஊகமே பொய் என்று சொல்லிவிட முடியாது.

சரி, நிறையப் பேருடைய மருத்துவப் பதிவுகளை வைத்துப் பார்த்தால் என்ன? நீங்கள் படித்தது அநேகமாக இந்த வகையாகத்தான் இருக்கும். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மருந்துப் பட்டியல்களோடு இத்தனை வருடம் புழங்கியதில் நான் கற்றது இதைத்தான். அசிடிட்டி மாத்திரை போடுகிறவர்களிடம் புராஸ்டேட் தொல்லை அதிகம் என்று ஒரு கணக்கு காட்டினால், மாத்திரைதான் காரணம் என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வதற்கு ஒரு டஜன் வழி இருக்கிறது.

வயது முதல் வழி. தொப்பை இரண்டாவது: இடுப்புச் சுற்றளவு கூடினால் எதுக்களிப்பும் வரும், புராஸ்டேட் தொல்லையும் கூடும். மூன்றாவது, தூக்கத்தில் மூச்சுத் திணறும் நோய். குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு நெஞ்செரிச்சலும் அதிகம். அதோடு, அந்தத் திணறலில் இதயம் ஒரு ஹார்மோனைச் சுரந்து, ராத்திரியில் சிறுநீரை அதிகமாக்கிவிடும். பாவம், புராஸ்டேட் ஒன்றும் செய்யாமலே பழியைச் சுமக்கும். நான்காவது, மூட்டு வலிக்குப் போடும் வலி நிவாரணிகள். டைக்ளோஃபெனாக் வகையைத் தொடர்ந்து போடுகிறவர்களுக்கு வயிற்றைக் காக்க அசிடிட்டி மாத்திரையும் சேர்த்தே எழுதுவார்கள். அந்த வலி மாத்திரைகளை எடுக்கும் ஆண்களுக்குச் சிறுநீர் திடீரென்று அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று நெதர்லாந்தின் ஒரு ஆய்வு 2005-இல் காட்டியது. பதிவேட்டில் பான்டோப்ரசோல் இருக்கும், புராஸ்டேட் இருக்கும். நடுவில் நின்ற வலி மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிப் போட்டிருந்தால் எந்தப் பதிவிலும் இருக்காது. இன்னொன்று ரொம்பச் சாதாரணமான விஷயம்: அடிக்கடி டாக்டரிடம் போகிறவர்களுக்குத்தான் எல்லா நோயும் கண்டுபிடிக்கப்படும். நெஞ்செரிச்சலுக்குப் போன இடத்தில் 'ராத்திரி தூக்கம் எப்படி' என்று கேட்பார், 'இரண்டு தடவை எழுந்திருக்கிறேன்' என்பீர்கள், ஸ்கேன் எழுதுவார்.

இதையெல்லாம்விட எனக்குச் சுவையாகப் படுவது, தொடர்பு தலைகீழாக இருக்கும் வழி. அதாவது புராஸ்டேட் வைத்தியமே அசிடிட்டியைக் கொண்டுவருவது. மேலே சொன்ன டடாலஃபில், தசையைத் தளர்த்தும்போது உணவுக்குழாயின் கீழ்வாயிலையும் சேர்த்துத் தளர்த்தும். வயிற்று எரிச்சலும் அஜீரணமும் அதன் பக்க விளைவுப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கின்றன. அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருவதற்குக் கொடுக்கும் டோல்டெரோடின், சோலிஃபெனசின் போன்றவையும் குடலின் ஓட்டத்தை மந்தமாக்கும், எதுக்களிப்பைக் கூட்டும். எதுக்களிப்பு இருப்பவர்களுக்குப் பார்த்துக் கொடுக்கும்படி சோலிஃபெனசின் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கும். ஒருமுறை ஒரு பெரியவரின் பட்டியலை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை பார்க்க நேர்ந்தது. முதலில் இரண்டே மாத்திரை. அடுத்த தடவை ஐந்து. சிறுநீர் மாத்திரையால் நெஞ்செரிச்சல், அதற்கு ஓமெப்ரசோல், மலச்சிக்கலுக்கு ஒன்று, மலச்சிக்கலால் சிறுநீர் இன்னும் அடைத்ததால் மேலும் ஒன்று. ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு வேறு டாக்டர். ஒவ்வொருவரும் தன்வரையில் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். இவருடைய பதிவை ஒரு கணினியிடம் கொடுத்தால் ஓமெப்ரசோலும் புராஸ்டேட்டும் சேர்ந்தே இருப்பதாகத்தான் சொல்லும்.

இந்த மருந்துகள் மேல் இதற்கு முன்னாலும் இப்படி வரிசையாகக் குற்றச்சாட்டுகள் வந்திருக்கின்றன: எலும்பு முறிவு, நிமோனியா, மறதி நோய், சிறுநீரகக் கோளாறு, மாரடைப்பு. பெரும்பாலும் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வுகள். அப்புறம் இதய நோயாளிகள் 17,598 பேரைச் சீட்டுக் குலுக்கல் மாதிரிப் பிரித்து, பாதிப் பேருக்குப் பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம், பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை என்று சுமார் மூன்று வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. குடல் தொற்று மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது, 1.0 சதவீதத்துக்குப் பதில் 1.4 சதவீதம். மற்றவற்றில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அவர்கள் கவனித்த தொல்லைகளின் பட்டியலில் புராஸ்டேட் வீக்கம் இல்லை, அதனால் உங்கள் கேள்விக்கு அது நேரடிப் பதில் ஆகாது. மூன்று வருடம் என்பது உங்கள் ஆறு வருடமும் இல்லை. இருந்தாலும், பதிவுகளில் தெரியும் தொடர்பு இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது எவ்வளவு சுலபமாகக் கரைந்துபோகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

ஓமெப்ரசோல் வருவதற்கு முன்னால் ஆண்டுகொண்டிருந்த சிமெடிடினை இங்கே விட்டுவிடக்கூடாது. 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கியதில் முக்கியப் பங்காற்றிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. அசிடிட்டி மருந்துகளில் ஆண் ஹார்மோனோடு நேரடியாக மோதுவது இதுதான். ஹார்மோன் உட்காரும் இடத்தில் இது போய் லேசாக உட்கார்ந்துகொள்ளும். நிறைய நாள், அதிக அளவில் எடுத்த சில ஆண்களுக்கு மார்பு வீங்கியது. எலிகளுக்குக் கொடுத்தபோது புராஸ்டேட்டின் எடை குறைந்தது. ஆமாம், குறைந்தது. அசிடிட்டி மருந்துக்கும் புராஸ்டேட்டுக்கும் தெளிவாகத் தெரிந்த ஒரு தொடர்பு இருக்கிறது என்றால் அது நீங்கள் பயப்படும் திசைக்கு எதிர்த்திசையில் இருக்கிறது! அதற்காக யாரும் புராஸ்டேட்டைச் சுருக்க சிமெடிடின் போட்டுவிட வேண்டாம், மனிதர்களில் அந்த விளைவு மிகவும் மெலிதானது. அதற்குப் பின்னால் வந்த ராணிடிடின், ஃபமோடிடின் இரண்டிலும் இந்தக் குணம் இல்லையென்றே சொல்லலாம். சிமெடிடினிடம் வேறொரு வம்பு உண்டு. புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசினை உடம்பு வெளியேற்றுவதை அது மெதுவாக்கி, ரத்தத்தில் அதன் மொத்த அளவை 44 சதவீதம் வரை கூட்டிவிடும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், வயதானவர் என்றால் விழுந்து வைப்பார். பின்னால் உங்களுக்கு டாம்சுலோசின் எழுதினால் இதை நினைவில் வையுங்கள்.

மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் குறிப்புத் தாளைப் பார்த்துச் சிலர் பயப்படுவார்கள். லான்சோப்ரசோல் தாளில் சிறுநீர் அடைப்பு என்று ஒரு வார்த்தை இருக்கிறது. பழைய ஓமெப்ரசோல் தாளில் அடிக்கடி சிறுநீர் கழித்தல் என்று இருந்தது. மருந்து சந்தைக்கு வந்தபின் யாராவது ஒரு டாக்டர், இதை எடுத்தவருக்கு இப்படி ஆயிற்று என்று எழுதி அனுப்பினால் அது அங்கே ஏறலாம். மருந்தால்தான் ஆயிற்று என்று யாரும் அங்கே உறுதி செய்வதில்லை. அதில் நான் உண்மையாகவே பொருட்படுத்தும் ஒன்று, அரிதாக வரும் சிறுநீரக அழற்சி. அது புராஸ்டேட் சம்பந்தப்பட்டதே இல்லை. மருந்து தொடங்கிய சில வாரத்திலோ மாதங்களிலோ சோர்வு, காய்ச்சல், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறுவது என்று வரும். உங்களுக்கு சமீபத்தில் கிரியேட்டினின் பார்க்கவில்லை என்றால், ஆறு வருடம் மருந்து, இப்போது சிறுநீர்த் தொல்லை என்ற இரண்டு காரணத்துக்காகவும் ஒருமுறை பார்த்துவிடலாம். நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமினும் மக்னீசியமும் குறையலாம் என்பதால் அவற்றையும் அதே ரத்தத்தில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, நிறுத்தலாமா? சட்டென்று நிறுத்தாதீர்கள். 2009-இல் ஒரு ஆய்வில், நெஞ்செரிச்சலே இல்லாத ஆரோக்கியமான 120 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அசிடிட்டித் தொல்லை வந்தது. மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதம். பம்பை அடக்கி வைத்திருந்த காலத்தில் வயிறு பதிலுக்குத் தன் ஆற்றலைக் கூட்டி வைத்துக்கொள்கிறது, பூட்டைத் திறந்ததும் பொங்குகிறது. சில வாரம் இப்படிப் படுத்தும். அது பழைய நோய் திரும்பியது மாதிரியே இருப்பதால், 'எனக்கு இது இல்லாமல் முடியாது' என்று பலரும் மறுபடி பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் டாக்டரிடம் கேட்டு, முதலில் 40-ஐ 20 ஆக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறக்குவதுதான் பழக்கம். ஆனால் எல்லோரும் இறக்கக் கூடாது. முன்பு புண்ணில் ரத்தக் கசிவு வந்தவர்கள், உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போனவர்கள், ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் எடுப்பவர்கள் இதைத் தொடர்ந்தே ஆக வேண்டும். ஆறு வருடம் முன்னால் உங்களுக்கு இது எதற்காக எழுதப்பட்டது என்று நீங்கள் சொல்லவில்லை. எதற்கு என்று இப்போது உங்களுக்கே ஞாபகம் இல்லையென்றால், புராஸ்டேட்டை விடுங்கள், அந்த ஒன்றே இதைப் பற்றி டாக்டரிடம் பேசப் போதுமான காரணம்.

மாத்திரையைக் குறைத்ததும் சிறுநீர் நன்றாகப் போகிறது என்று தோன்றலாம். அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். புராஸ்டேட் தொல்லையை அளக்க ஏழு கேள்விகள், மொத்தம் 35 புள்ளிகள் கொண்ட ஒரு படிவம் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. 7 வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மருந்தே இல்லாத மாத்திரையைக் கொடுத்தாலும் இதில் சில புள்ளிகள் குறையும், பரிசோதனைகளில் மறுபடி மறுபடி பார்த்த விஷயம். அதனால் குறைப்பதற்கு முன்னாலேயே அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்து வைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதிப் பாருங்கள். 3 புள்ளிக்கும் குறைவான மாற்றம் பொதுவாக ஆளுக்கே தெரியாது.

அதோடு மூன்று நாள், எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் என்று ஒரு அளவுக் குவளையை வைத்து எழுதுங்கள். கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் ஸ்கேனைவிட அதிகம் பேசும். 24 மணி நேரத்து மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் போகிறது என்றால் சிக்கல் சிறுநீர் வரும் வழியில் இல்லை, சிறுநீர் உற்பத்தியாகும் நேரத்தில் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் எனக்கு அம்லோடிபின் மேல் ஒரு கண் இருக்கிறது. அது சிலருக்குக் கணுக்காலில் நீர் கோக்க வைக்கும். பகல் முழுக்கக் காலில் தேங்கியது, படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீராக இறங்கும். அதே மருந்து உணவுக்குழாயின் கீழ்வாயிலைத் தளர்த்தி நெஞ்செரிச்சலையும் கூட்டலாம். ஆக, நீங்கள் கேட்ட இரண்டு தொல்லைக்கும் நடுவில் நிற்பது இந்த அம்லோடிபினாகக்கூட இருக்கலாம். இது சந்தேகம்தான், முடிவு இல்லை. சாயங்காலம் காலுறையைக் கழற்றும்போது கணுக்காலில் பள்ளம் விழுகிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், சொட்டுச் சொட்டாக வந்து அடிவயிறு கல் மாதிரி ஆவது, ஒரு துளியும் வராமல் போவது, இதில் எது வந்தாலும் இந்தப் பதிலை எல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கடைசியாக, பெயர் எழுதாமல் விட்ட அந்த வயிற்றுப் பிடிப்பு மாத்திரை. உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் உறுத்துவது அதுதான். டைசைக்ளோமின், ஹையோசின், கிளிடினியம், புரோபாந்தலின் என்று ஒரு குடும்பம் இருக்கிறது. குடலின் இழுப்பை அடக்குவது எப்படியோ அப்படியே சிறுநீர்ப்பை சுருங்குவதையும் அடக்கும். புராஸ்டேட் ஏற்கெனவே வழியை நெருக்கிக்கொண்டிருக்கும் ஆளுக்கு இது போனால் பை காலியாகாமல் மிச்சம் நிற்கும், மறுபடி சீக்கிரம் நிரம்பும், மறுபடி எழுந்திருக்க வேண்டும். வயிற்று மாத்திரையால் சிறுநீர் அடைத்து வார்டுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாத்திரைகள் எல்லாம் இந்தக் குடும்பம். பான்டோப்ரசோலால் அப்படி வந்ததாக நான் பார்த்த ஒருவரும் நினைவில் இல்லை. சில அட்டைகளில் இது தனியாக இருக்காது. வேறொரு மருந்தோடு சேர்ந்து இருக்கும், முன்பக்கத்துப் பெரிய எழுத்தில் நிறுவனம் வைத்த பெயர் மட்டும் தெரியும். சளி, தும்மலுக்கு வாங்கும் குளோர்ஃபெனிரமினும் இதே வேலையைச் செய்யும், மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கும் என்பதால் அவற்றையும் பாருங்கள். அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களை அப்படியே இங்கே எழுதுங்கள். எவ்வளவு நாளைக்கு ஒருமுறை போடுகிறீர்கள், போட்ட அன்று ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், அடுத்த தடவை இன்னும் தெளிவாகப் பேசலாம்.